சம்பந்தி வீட்டு வாசலில் பிடுங்கிய செடி

அன்புள்ள தம்பி,

நேற்று சாயங்காலம் ரவாங்கில், உன் வருங்கால மாமியார் வீட்டு வாசலில், அவர் நான்கு மாதமாகப் பொட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியை நான் வேரோடு பிடுங்கினேன். பதறாதே. கல்யாணம் நிற்கவில்லை. தேதி மாறவில்லை, மண்டபம் மாறவில்லை, ரேணுகாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. உன் அம்மாவுக்குத்தான் என்மேல் கோபம். அது நமக்குப் புதிதில்லை. இதையெல்லாம் சொல்லத்தான் இரண்டு முறை கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்றாய். கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் ஒரு ரயில் தூரம்தான், ஆனாலும் நீ வருவதற்குள் கல்யாணமே வந்துவிடும் போலிருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதி வாட்சாப்பில் அனுப்புகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது என்பது இன்னொரு வசதி.

முதலில் உன் நிச்சயதார்த்தத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். வருகிறவர்கள் கையில் டோர் கிஃப்ட் என்ன கொடுப்பது என்று நமக்குள் நடந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. நீ கண்ணாடி மாதிரி ஒரு பெட்டியில் சாக்லேட் போட்டு, மேலே உங்கள் இருவர் பெயரையும் அச்சடித்துக் கொடுக்கலாம் என்றாய். நான் செடி என்றேன். இந்த மண்ணிலேயே பிறந்த செடி, செண்டுடுக். தோட்டத்துப் பழைய ஆட்கள் நாக்குக்கருப்பான் என்பார்கள். பழத்தைத் தின்றால் நாக்கு மை பூசியது போல ஆகிவிடும். "அப்பா, ப்ளீஸ் லா, வர்றவங்க எல்லாம் பெரிய பெரிய எடத்துல வேலை செய்றவங்க. பாலிபேக்ல ரோட்டோரச் செடியக் குடுத்தா சிரிப்பாங்க" என்றாய். நான் குரலை உயர்த்தினேன். நீ வாயை மூடிக்கொண்டாய். நூற்றிருபது செடிகளுக்கும் நானே மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு தாம்பூலமாக எல்லார் கையிலும் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் நீ ஓரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அது என் தப்பு என்று இப்போது எழுதி வைக்கிறேன். ஆனால் பெரிய தப்பு அது இல்லை.

பெரிய தப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் நான் நர்சரி லோரி ஓட்டியவன். சுங்கை பூலோவில் செடி ஏற்றி, புதிது புதிதாக வந்த தாமான் வீட்டுக் குடியிருப்புகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் இறக்குவேன். எந்த நாட்டிலிருந்தோ வந்த பனை, எந்த நாட்டுப் பூ என்றே தெரியாத பூ. அதையெல்லாம் நடுவதற்கு முன்னால் அங்கே தானாக வளர்ந்து நின்றதை வெட்டித் தள்ளுவோம். அவற்றுக்கு எங்கள் வாயில் ஒரே பெயர்தான்: களை. நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் செடி வளர்க்கச் சொன்னார்கள். கால்வாய் ஓரத்தில் இருந்து எதையோ பிடுங்கி மைலோ டின்னில் வைத்துக் கொண்டு வந்தாய். நான் "களையை ஏன்டா வீட்டுக்குள்ள கொண்டாற" என்று வெளியே வீசிவிட்டு, லோரியில் இருந்து ஒரு ரோஜாச் செடியை எடுத்துக் கொடுத்தேன். ரோஜாவுக்குப் பரிசு கிடைத்தது. நீ அந்தப் பரிசை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. நான் வீசியது என்ன செடி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலையை விட்டு உட்கார்ந்த பிறகுதான், எத்தனை செடியைப் பெயர்கூடக் கேட்காமல் வெட்டியிருக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு வந்தது.

அப்புறம்தான் நம் தாமானுக்குப் பின்னால், மின்கம்பிக் கோபுரத்தின் கீழே கிடக்கும் நிலத்துக்குப் போக ஆரம்பித்தேன். நீ ஒரு நாளாவது வந்து பார்க்க மாட்டாயா என்று நான் கேட்காத நாள் இல்லை. சனிக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். மெய் லிங் என்று ஒரு பெண், இடைநிலைப்பள்ளி ஆசிரியை, அவள்தான் எல்லாவற்றுக்கும் தலைவி. கக் ரோஸ் என்று மூன்று வீடு தள்ளி இருக்கும் மலாய்க்கார அம்மா. ஒரு செடியை முகர்ந்து பார்த்தே இதைச் சம்பாலோடு தின்னலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். குப்பை கொட்டிக் கிடந்த இடம், தம்பி! இரண்டு வருடத்தில் சிம்போச் செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. கால்வாய்க் கரையில் மண் சரியாமல் இருக்க செண்டுடுக் வைத்திருக்கிறோம். பூ ஊதா நிறத்தில் உள்ளங்கை அகலம் வரும். பழம் வெடித்தால் ஒரு குருவி வரும்; என் கட்டை விரல் அளவுதான் இருக்கும், முதுகில் சிவப்புச் சாயம் ஊற்றிய மாதிரி ஒரு கோடு. முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் கத்திய கத்தலில் கக் ரோஸ் பாம்பு என்று நினைத்து ஓடிவிட்டார். முப்பது வருடம் செடி ஏற்றி இறக்கியும் ஒரு குருவி வந்து நான் பார்த்ததில்லை. அந்த ஆனந்தத்தில்தான் உன் நிச்சயத்துக்குச் செண்டுடுக் கொடுப்பது என்று முடிவு கட்டினேன்.

இப்போது தப்புக்கு வருகிறேன். மெய் லிங் அந்தச் சமயம் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். அவள் வரும்வரை பொறுத்திருக்கலாம், இலையைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டிருக்கலாம். லோரிக்காரன் திமிர் விடுமா? செடியைப் பற்றி நான் யாரிடம் கேட்பது என்று இருந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே அடையாளம்: இலையில் காம்பிலிருந்து நுனிவரை ஐந்து நரம்பு ஓடும். காஜாங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நிழலில் கன்றுகள் கம்பளம் விரித்த மாதிரி முளைத்துக் கிடந்தன. இலையைத் திருப்பினேன், ஐந்து நரம்பு. அள்ளி அள்ளிப் பையில் போட்டேன். விலை கொடுக்காமல் இத்தனை கிடைத்ததே, கடவுளே கொடுத்தது என்று உன் அம்மாவிடம் பெருமை வேறு பேசினேன். இவ்வளவு எளிதாக, இவ்வளவு அடர்த்தியாக ஒரு செடி ஏன் முளைத்துக் கிடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நம் வீட்டில் மீதம் இருந்த ஒரு செடி பூத்தது. ஊதா இல்லை, வெள்ளை. உள்ளங்கை அகலம் இல்லை, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. தண்டு முழுக்க ரோமம். அதைத் தூக்கிக்கொண்டு நேரே மெய் லிங்கிடம் போனேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இலையைத் தொட்டுப் பார்த்தாள். "அங்கிள், இனி புக்கான் செண்டுடுக் லா. இது செண்டுடுக் புலு" என்றாள். அது நம் செடி இல்லையாம். புலு என்றால் ரோமம். கடல் தாண்டி எங்கோ அமெரிக்கப் பக்கத்தில் இருந்து வந்து, இங்கே காட்டு ஓரங்களில் பரவி, நம் செடிகளுக்கு இடமில்லாமல் அடைத்துக்கொள்கிற ஜாதி. ஐந்து நரம்பு அதற்கும் உண்டு. ஒரு பழத்தில் எக்கச்சக்கமான விதை இருக்கும், பறவை தின்று போகிற இடமெல்லாம் முளைக்கும். "ஒன்னுதானே அங்கிள்? பிடுங்கிடுங்க, கேஸ் சிலேசை, முடிஞ்சது" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நூற்றிருபது என்றேன். அவள் பிள்ளையை இந்த இடுப்பில் இருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "பழம் பழுக்கறதுக்குள்ள எடுக்கணும் அங்கிள்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ரவாங் வீடுதான். சம்பந்தி வீடு தாமானின் கடைசி வரிசை. பின் வேலியைத் தாண்டினால் மலைக்காடு. ஒரு குருவிக்கு அது ஒரு தாவு. ஆனால் அந்தச் செடியை எப்படித் திரும்பக் கேட்பது? உன் அம்மாவிடம் சொன்னதும் அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு என்ன பைத்தியமா? தாம்பூலத்தோட குடுத்தத போய்த் திரும்பக் கேட்டா, சம்பந்தமே வேணாம்னு சொல்ற மாதிரி ஆகும். பொண்ணு வீட்டு வாசல்ல போய் பச்ச செடியப் பிடுங்குவீங்களா? தாலி ஏறட்டும். அதுக்கப்புறம் என்னமோ பண்ணுங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நிச்சயத்தைக் கலைக்கிறவர்கள்தான் தாம்பூலத்தைத் திருப்புவார்கள். நானும் சரி என்று நான்கு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டில் இருந்த அந்த ஒற்றைச் செடியில் பச்சைக் காய் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் மண்ணின் செடி என்று பேசிவிட்டு, என் மகன் கல்யாணத்தின் பெயரால் நானே காட்டுக்கு நோயைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது, தம்பி. அந்த நான்கு நாள் நான் கோழையாக இருந்தேன்.

ஐந்தாவது நாள் சனிக்கிழமை. கோபுரத்துக்குக் கீழே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். கக் ரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கால்வாயின் அடுத்த கரைக்காக விதை போட்டு வளர்த்திருந்த உண்மையான செண்டுடுக் கன்றுகளைக் காட்டினார். நூறுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தன. ஒரு வருட உழைப்பு. "அம்பில் லா, அங்கிள். கரை எங்கேயும் ஓடிடாது" என்றார். எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், கேட்டாயா! யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒருவர் பாலிபேக் கொண்டுவந்தார், ஒருவர் பழத்தைக் கட்டிப் போடக் கறுப்புப் பை கொண்டுவந்தார். மெய் லிங் இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எப்படி வேறுபாடு கண்டுபிடிப்பது என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். அதை நான் நம் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அதற்கென்று ஒரு வாட்சாப் குழுவே ஆரம்பித்து, உன் சித்தப்பா அதற்குப் 'பிடுங்குவோர் சங்கம்' என்று பெயர் வைத்தான். நீயும் அதில் இருக்கிறாய், சத்தத்தை அடைத்து வைத்திருப்பாய் என்று தெரியும்.

அப்புறம் நடந்த இரண்டு வாரத்தை எப்படிச் சொல்வேன்! என் பழைய காரின் பின்னால் நல்ல செடி, முன்னால் கக் ரோஸ். காஜாங்கில் உன் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை பயந்து பயந்து கதவைத் திறந்தாள். "தம்பி, கோச்சுக்காத. நீ குடுத்த செடி செத்துப் போச்சுப்பா. தண்ணி ஊத்த மறந்துட்டேன்" என்றாள். "செத்துப் போச்சா? ரொம்ப நல்லதுக்கா!" என்று நான் குதித்ததைப் பார்த்து, அவள் கக் ரோஸிடம் எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தாள். காப்பாரில் உன் பெரியப்பா மகன் வீட்டில் அப்படி இல்லை. வேலியோரம் இடுப்பளவு வளர்ந்து, முதல் பழம் கறுக்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் பிடுங்குவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வந்தார்கள். என்ன அங்கிள், எதற்கு அங்கிள் என்று கேட்டுவிட்டு, அவர்களும் வேலியோரமெல்லாம் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். பூனையைத் தேடுகிற மாதிரி ஒரு தெருவே குனிந்து நடந்தது! ஒருவர் தன் வீட்டுப் பின்னால் மீன்வலைக் கொட்டகைப் பக்கம் ஊதாப் பூச்செடி ஒன்று தானாக நிற்கிறது, அது எந்த ஜாதி என்று கேட்டார். போய்ப் பார்த்தோம். அசல் செண்டுடுக், ஆள் உயரம், பூத்துக் குலுங்குகிறது. அவர் அதை அடுத்த வாரம் வெட்டுவதாக இருந்தாராம். இப்போது அவர் காவல் காக்கிறார், பழம் பழுத்ததும் எங்களுக்கு விதை தருவதாகச் சொல்லியிருக்கிறார். நம் வீட்டுச் செடி உட்பட எல்லா வீட்டிலும் கணக்கு முடிந்தது. ரவாங் மட்டும் மிச்சம்.

நேற்று உன் அம்மாவும் வந்தாள். "நான் வரல, நீங்களே அவமானப்படுங்க" என்று மத்தியானம்வரை சொல்லிக்கொண்டிருந்தவள், நான் சட்டை போடும்போது பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சம்பந்தியம்மா வாசலுக்கு ஓடி வந்தார். "வாங்கண்ணே, வாங்கண்ணி, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலடியில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், என் செடி நின்றது. தொட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சுற்றிக் கோலம் போட்டு. காப்பி வந்தது. சமையல்காரர் பற்றிப் பேசினோம், நாதஸ்வரம் பற்றிப் பேசினோம், வாழைமரம் யார் கொண்டுவருவது என்று பேசினோம். ஒவ்வொரு முறை நான் வாயைத் திறக்கும்போதும் உன் அம்மா என் காலை மிதித்தாள். கடைசியில் காப்பி ஆறிப்போனது. அப்போதுதான் சொன்னேன். சுற்றி வளைக்காமல், நான் தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்துவிட்டேன், அது கெட்ட செடி, உங்கள் வீட்டுப் பின்னால் காடு இருக்கிறது, நான் அதை எடுத்துப் போக வேண்டும் என்று சொன்னேன். சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். உன் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கோ உன் கல்யாணம் என் கையாலேயே கலைந்துவிட்டது என்று தோன்றியது. ஒரு நிமிடம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது.

அவர் ஒரு தாம்பாளத்தோடு திரும்பி வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள். "அண்ணே, தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்தாதான் தப்பு. மாத்திக்கிட்டா தப்பே இல்ல. அன்னிக்குத் தட்டு மாத்துனோம்ல, இன்னிக்கும் மாத்திக்கலாம். என்ன அண்ணி சொல்றீங்க?" என்றார். உன் அம்மா தலையாட்டினாள். அப்புறம் சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்ணே. எனக்கு அந்தச் செடி புடிக்கவே இல்ல. ஒரே ரோமம், தொட்டா கை அரிக்குது. ரேணுகா மொத வாரமே சொன்னா, இது என்னமோ காட்டுச்செடிம்மா, தூக்கிப் போடுங்கன்னு. நான்தான் சம்பந்தி குடுத்ததாச்சே, இல்லாட்டி தப்பா நெனப்பாங்கன்னு தெனமும் தண்ணி ஊத்துனேன்" என்றார். தம்பி, நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் திரும்பக் கேட்டால் தப்பாகிவிடுமே என்று இருந்தேன், அவர் தூக்கிப் போட்டால் தப்பாகிவிடுமே என்று இருந்தார். இரண்டு வீடும் மரியாதைக்குப் பயந்து ஒரு களைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். குடும்பம் நடத்தப் போகிறவன் நீ. இதை மட்டும் மனதில் வை. பிடிக்காததைப் பிடித்த மாதிரி வளர்த்தால் அதுவும் வளரும், பூக்கும், பழுக்கும். நல்லவர்கள் வீட்டில் இன்னும் நன்றாகவே வளரும்.

சிரித்து முடித்தபின் அவர் கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "என் பொண்ணு உங்க வீட்டுக்கு வரா. அவகிட்ட ஏதாச்சும் கொறை இருந்தா, இதே மாதிரி நேர்ல வந்து சொல்லுவீங்களா, இல்ல நாலு பேர்கிட்டப் பேசுவீங்களா?" என்றார். உடனே உன் அம்மா, "நான் எதுக்கு ரவாங் வரைக்கும் வரணும்? அவகிட்டயே சொல்லிடுவேன். அவளும் என்கிட்டச் சொல்லட்டும்" என்றாள். முப்பது வருடத்தில் உன் அம்மா பேசியதிலேயே நல்ல பேச்சு அது. பிறகு வாசலுக்கு வந்தோம். சம்பந்தியம்மா முதலில், காரிலிருந்து நான் இறக்கிய புதுச் செடிக்குப் பொட்டு வைத்தார், அப்புறம்தான் பழையதைத் தொட விட்டார். நான் பிடுங்கினேன். வேர் நீளமாக வந்தது. பழுக்காத காயையெல்லாம் கறுப்புப் பையில் போட்டுக் கட்டினேன். பின் வேலிவரை போய் மூவரும் தேடினோம், புதிதாக எதுவும் முளைக்கவில்லை. தப்பித்தோம்! கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கும் செடிதான் கொடுக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா பிடிவாதமாக நிற்கிறார். மெய் லிங் இலை இலையாகப் பார்த்த பிறகுதான் கொடுப்பது என்று நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் உன்னைக் கேட்காமல் இந்த முறை செய்ய மாட்டேன். சாக்லேட் பெட்டி என்று நீ சொன்னால் சாக்லேட் பெட்டிதான். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நாங்கள் கிளம்பும்போது ரேணுகா வேலை முடிந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று பார்த்தால், கைப்பேசியை எடுத்து ஏதோ தேடினாள். "மாமா, இன்னொன்னு இருக்கு" என்று ஒரு படத்தைக் காட்டினாள். பிரிக்ஃபீல்ட்ஸில் நீ இப்போது தங்கியிருக்கும், கல்யாணத்துக்குப் பின் நீங்கள் இருவரும் குடியிருக்கப் போகும் ஃப்ளாட். பால்கனி. துணி காயும் கம்பிக்குக் கீழே என் செடி. மஞ்சள் துணியைக்கூட நீ அவிழ்க்கவில்லை. கிளை கிளையாக விட்டு, கம்பியைத் தொடும் அளவு வளர்ந்திருக்கிறது. "வேணாம்னு நான் சொன்னேன் மாமா. அப்பா குடுத்தது, இருக்கட்டும்னுட்டாரு. அவுட்ஸ்டேஷன் போனாகூட என்னத் தண்ணி ஊத்தச் சொல்லுவாரு" என்றாள்.

நிச்சயத்தன்று நீ அதை மண்டபத்துக் குப்பைத் தொட்டியில் போட்டிருப்பாய் என்று நான் உன் அம்மாவிடம் சொன்னேன், தம்பி. ஒரு முறை இல்லை, பல முறை சொன்னேன். என் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சண்டை போட்ட நீ, எனக்குத் தெரியாமல் நான்கு மாதம் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். காரில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் அழுவதைப் பார்க்காத மாதிரி. இவ்வளவு சந்தோஷமாக நான் அழுதது இல்லை. நீ என்னை இத்தனை நேசிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

ஆனாலும் அதைப் பிடுங்கிவிடு. நான் வந்து பிடுங்க மாட்டேன்; அது உன் வீடு. நீயே கையை வைத்து, வேரோடு எடு. காயையெல்லாம் பையில் போட்டு இறுக்கிக் கட்டு. தொட்டியில் வேறு என்ன வைப்பது என்று ரேணுகாவைக் கேள், என்னைக் கேட்காதே. அப்பா கொடுத்தான் என்பதற்காகத் தப்பான ஒன்றை வைத்துக்கொண்டு நீ கஷ்டப்பட வேண்டாம். நீ பிடுங்கிப் போட்டால் என் மனம் கோணாது. நீ என்னிடம் 'அப்பா, நீங்க பண்ணுனது தப்பு' என்று உரக்கச் சொல்ல வேண்டும், நான் அதைக் கேட்க வேண்டும். எனக்கு வயதாகிறது, இன்னும் நிறைய தப்பு செய்வேன், ஒவ்வொன்றையும் நீ மௌனமாக வளர்த்துக்கொண்டிருக்க முடியாது.

ரேணுகா காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பழம் கறுக்க ஆரம்பித்துவிட்டன. இன்றைக்கே பிடுங்கிவிடு.

அப்பா